டார்பிஷயரில் நாலு நாள்: பெஸ் வீடு, டியூக் வீடு, கர்சன் வீடு

ஜூன் 12, வியாழன் – செஸ்டர்ஃபீல்ட், ஹார்ட்விக்

இங்கிலாந்தின் டார்பிஷயர் வட்டாரத்தில், செஸ்டர்ஃபீல்ட் ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கோணிப்போன தேவாலயக் கோபுரம். 228 அடி உயரம். உச்சி ஒன்பதரை அடி சாய்ந்து, போதாததற்கு முறுக்கு பிழிந்த மாதிரி திருகியும் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஈரம் காயாத ஓக் மரத்தில் சட்டம் கட்டினார்கள். பின்னாளில் அதன்மேல் ஈயத் தகடு போர்த்தினார்கள். மரம் காயக் காய வளைந்தது, மிச்சத்தை ஈயத்தின் பாரம் பார்த்துக்கொண்டது. ஊரில் கேட்டால் பிசாசு வந்து உட்கார்ந்த கதை சொல்வார்கள்.

ஹார்ட்விக் ஹால் இங்கிருந்து எட்டு மைல். வாசல்வரை போகும் பஸ் கிடையாது, டாக்ஸிதான். 25 பவுண்டு ஆனது. காலையில் தூறல், காற்றில் நல்ல குளிர். ஜூன் மாதம்தானே என்று ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்தவர்கள் இங்கே வருந்துவார்கள். மாளிகை மேட்டின் உச்சியில் இருப்பதால் கீழே அடிக்காத காற்றெல்லாம் அங்கே அடிக்கும்.

இந்த வட்டாரத்து மாளிகைகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்தில் தொடங்குவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. கதையின் முதல் அத்தியாயம் ஹார்ட்விக்கில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தை முதலில் பார்த்தால் அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்றே பிடிபடாது. இரண்டும் ஒரே பெண்மணியிடமிருந்து கிளைத்தவை.

அவர் எலிசபெத் ஹார்ட்விக். ஊரறிந்த பெயர் பெஸ். சுமாரான நிலம் வைத்திருந்த குடும்பம், சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். நாலு கல்யாணம், நாலு முறையும் விதவை. முதல் கணவர் ராபர்ட் பார்லி 1544இலேயே போய்விட்டார். இரண்டாமவர் வில்லியம் கேவண்டிஷ், அரசரின் கருவூலத்தில் பெரிய பதவி. மடாலயங்களைக் கலைத்து நிலத்தைக் கைப்பற்றிய வேலையில் பங்கெடுத்து வளர்ந்தவர். பெஸ்ஸின் எட்டுப் பிள்ளைகளும் இவருக்குப் பிறந்தவர்கள்தான். மூன்றாமவர் வில்லியம் செயின்ட் லோ. நாலாமவர் ஷ்ரூஸ்பரி பிரபு ஜார்ஜ் டால்பட், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இந்தக் கடைசிக் கல்யாணத்தோடு இன்னும் இரண்டு கல்யாணங்களையும் சேர்த்தே பேசி முடித்தார்கள்: பெஸ்ஸின் மகளுக்கு அவர் மகன், பெஸ்ஸின் மகனுக்கு அவர் மகள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நமக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தால் 1568ஆம் ஆண்டு ஷெஃபீல்டில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சொத்து வெளியே போகக் கூடாது என்ற கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஷ்ரூஸ்பரி 1590இல் இறந்தார். இந்த வீட்டின் வேலை தொடங்கியதும் அந்த வருடம்தான், 1597இல் குடிபுகுந்தார்கள். அப்போது பெஸ்ஸுக்கு வயது எழுபதை ஒட்டி. கட்டட வரைவு ராபர்ட் ஸ்மித்சன். கல் சொந்த நிலத்தில், மேட்டின் அடிவாரத்திலேயே வெட்டியது. சுண்ணாம்பு, ஈயம், மரம் எல்லாம் சொந்த எஸ்டேட்டுகளிலிருந்து. கண்ணாடிக்குக்கூடச் சொந்த உலை வைத்திருந்தார். இது சின்ன விஷயமில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடி, நகை வாங்குவது போன்ற செலவு. ‘ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடையே உண்டு.

வீட்டுக்குள் போகும் முன் வெளியே பத்து நிமிடம் நின்று முகப்பைப் படிக்க வேண்டும். மாடி ஏற ஏற ஜன்னல்கள் உயரமாகிக்கொண்டே போகும். கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் அரசி வந்தால் வரவேற்க. மரியாதை கூடக்கூடக் கூரையும் உயர்கிறது. ஆறு கோபுரங்களின் தலையிலும் கல்லில் செதுக்கிய ‘ஈ’, ‘எஸ்’ என்ற இரண்டு எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரியின் முதலெழுத்துகள். இன்னொன்று: ஜன்னல்கள் எல்லாமே ஜன்னல்கள் அல்ல. முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சிலவற்றின் பின்னால் சுவரோ புகைபோக்கியோதான் இருக்கிறது. வெயில் விழும்போது உற்றுப் பார்த்தால் எது பொய் ஜன்னல் என்று தெரிந்துவிடும்.

உள்ளே போனால் இருட்டு. வெளிச்சத்துக்காகவே கட்டிய வீட்டில் திரைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். காரணம் துணி. 16ஆம் நூற்றாண்டுக் கம்பளி, பட்டு நூல்களின் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், நூல் நொறுங்கும், போனது திரும்பாது. அதனால் இத்தகைய துணிகளுக்கு 50 லக்ஸ் அளவே அனுமதிப்பது வழக்கம், அதாவது மங்கலான வீட்டு விளக்கின் அளவு. நுழைந்தவுடன் ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கண் பழக ஐந்து நிமிடமாவது ஆகும். அதுவரை தரையைப் பார்க்கலாம். கோரையைப் பின்னித் தைத்த பாய் சுவருக்குச் சுவர் விரித்திருக்கிறது. காய்ந்தால் வெடிக்கும் என்பதால் அதன்மேல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள்.

மேல்தளத்து நீள்கூடம் சுமார் 50 மீட்டர். அதன் சுவரில் தொங்குவதுதான் இந்த வீட்டின் உயிர்: பைபிளில் வரும் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 திரைச்சீலைகள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம். வரிசையாக வைத்தால் 70 மீட்டருக்கு மேல். 1578இல் கிறிஸ்டோஃபர் ஹட்டன் என்ற அரசவைப் பெரும்புள்ளிக்காக நெய்தவை. அவர் கடனோடு செத்தார். 1592இல் வாரிசிடமிருந்து பெஸ் வாங்கிய விலை 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்ஸ். அதிலும் ஹட்டனின் குலச்சின்னத்தை மாற்ற ஆகும் செலவு என்று 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். மாற்றிய விதம் அதைவிட அழகு. ஹட்டனின் சின்னம் பெண்மான். கேவண்டிஷ் சின்னம் கலைமான். கொம்பை வரைந்து சேர்த்துவிட்டார்கள், தீர்ந்தது. கேடயங்களின் மேல் தன் சின்னம் தீட்டிய துணியை ஒட்டினார்கள். கூடத்தின் மேல் ஓரத்தில் தேடினால் கொம்பு முளைத்த பெண்மான்களைப் பார்க்கலாம்.

13 சீலைகளையும் பழுதுபார்த்து முடிக்க 24 வருடம் ஆனது; கடைசிச் சீலை 2023இல் சுவருக்குத் திரும்பியது. செலவு 17 லட்சம் பவுண்டு. பெல்ஜியத்துக்கு அனுப்பி, பனிமூட்டம் போன்ற நுண்ணிய நீர்த்திவலையால் அழுக்கெடுத்து, திரும்பக் கொண்டுவந்து பின்புறம் தாங்கு துணி வைத்து ஊசியால் கையால் தைத்திருக்கிறார்கள். பெஸ் இழைத்த 5 பவுண்டு பேரத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிட்டு வரலாம். இங்கே ‘ஸ்காட்லாந்து ராணி மேரியின் அறை’ என்று ஒன்று உண்டு. ராணி மேரியை 15 வருடம் காவலில் வைத்திருந்தது ஷ்ரூஸ்பரியும் பெஸ்ஸும்தான், அது உண்மை. ஆனால் மேரியின் தலையை வெட்டியது 1587இல். வீடு தொடங்கியதே 1590இல்.

அறைக்கு அறை தன்னார்வலர்கள் நிற்கிறார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களாகப் பேச்சைத் தொடங்க மாட்டார்கள், நாமாக ஒரு பொருள் அருகே இரண்டு நிமிடம் நின்றால் மெதுவாக நகர்ந்து வருவார்கள். ‘இது எந்தக் காலத்தது?’ என்று கேட்டால் அட்டையில் உள்ளதையே சொல்வார்கள். ‘இந்த அறையில் உங்களுக்குத் தொல்லை கொடுப்பது எது?’ என்று கேட்டால் அந்துப்பூச்சி, ஈரம், கூரை ஒழுகல் என்று அரைமணி நேரம் ஓடும். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், ஊசிக்குதிகால் செருப்புக்கு அனுமதியில்லை. கோபப்பட ஒன்றுமில்லை, அந்தக் குதிகாலின் அழுத்தம் பழைய மரத்தரையில் குழியே போடும்.

மதியம் லாயத்து முற்றத்தில் டீயும் ஸ்கோனும், எட்டு பவுண்டை ஒட்டி. ஸ்கோன் நன்றாக இருந்தது. டீயைப் பற்றி என்ன சொல்ல? கொதி அடங்கிய தண்ணீரில் ஒரு பை, பக்கத்தில் சின்ன ஜாடியில் பச்சைப் பால். பையை நாலு நிமிடமாவது அமுக்கி வைத்தால் டீயின் சாயலாவது வரும்.

மூன்று மணிக்குச் சொல்லிவைத்த டாக்ஸி நாலரைக்கு வந்தது. மேட்டில் போன் சிக்னல் ஒற்றைக் கோடு. திரும்பும் வண்டியை வரும்போதே பேசி, ஓட்டுநரின் சொந்த எண்ணை வாங்கிக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் பொது எண்ணில் இசை மட்டும்தான் கேட்டது.

ஜூன் 13, வெள்ளி – சாட்ஸ்வொர்த்

பேக்வெல்லில் தங்கல். காலைச் சாப்பாடு டார்பிஷயர் ஓட்கேக். பெயரைக் கேட்டுக் கேக் என்று நினைக்க வேண்டாம். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட்டும் கரைத்துப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றும் கனத்த தோசை. ஓரம் முறுகாது, மெத்தென்று இருக்கும். காளானும் சீஸும் வைத்து மடித்துத் தந்தார்கள். மிளகாய்ப்பொடி இல்லாத குறைதான்.

சாட்ஸ்வொர்த்துக்கு ஷெஃபீல்ட் பஸ் 218 பூங்காவுக்குள்ளேயே போகிறது. கட்டணம் மூன்று பவுண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஆளாளுக்கு ஓட்டுநரிடம் நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்ட்விக், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குச் சொந்தம், சாட்ஸ்வொர்த் அப்படியல்ல. அந்த டிரஸ்டின் உறுப்பினர் அட்டையை இங்கே நீட்டினால் சிரித்துக்கொண்டே முழு டிக்கெட்டும் வாங்கச் சொல்வார்கள். வீடும் தோட்டமும் சேர்த்து முப்பது பவுண்டு அளவில் வரும். இந்த வித்தியாசம் வெறும் நிர்வாக விஷயம் இல்லை, குடும்பக் கதையின் நடுப்புள்ளியே அதுதான்.

1549இல் பெஸ்ஸும் இரண்டாம் கணவர் கேவண்டிஷும் இந்த நிலத்தை 600 பவுண்டுக்கு வாங்கினார்கள். பெஸ்ஸின் மூத்த மகன் ஹென்றிக்கும் அம்மாவுக்கும் ஆகவில்லை. சாட்ஸ்வொர்த் அவருக்கு வந்தும் அதைத் தம்பி வில்லியமுக்கு விற்றுவிட்டார். தம்பி 1618இல் டெவன்ஷயர் பிரபு ஆனார். அந்த வம்சத்து நாலாவது பிரபு 1688இல் அரசர் ஜேம்ஸை இறக்கி டச்சு இளவரசர் வில்லியமைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அதற்கு 1694இல் இன்னும் உயர்ந்த டியூக் பட்டம். இப்போது நிற்கும் வீடு அவர் 1687 தொடங்கிப் பகுதி பகுதியாகக் கட்டியது. டெவன் மாவட்டத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. டெவன்ஷயர் டியூக் டார்பிஷயரில்தான் இருக்கிறார். கேட்டுச் சலித்த கேள்வி என்பது பதில் சொல்பவர் முகத்திலேயே தெரிகிறது.

குடும்பம் சாட்ஸ்வொர்த்தில் வாழத் தொடங்கியதும் ஹார்ட்விக் பாட்டி வீடு ஆகிப்போனது. யாரும் அதைப் புதுப்பிக்க மெனக்கெடவில்லை. அதனாலேயே 16ஆம் நூற்றாண்டு அங்கே அப்படியே தங்கியது. இங்கோ ஒவ்வொரு தலைமுறையும் இடித்துக் கட்டியது, பூசியது, வாங்கியது.

அறைகளில் கூட்டம். சுற்றுலா பஸ் பயணிகள் பதினோரு மணியிலிருந்து ஒன்று வரை மொத்தமாக வருகிறார்கள். அதனால் காலை முதல் வேலையாகத் தோட்டம், இரண்டு மணிக்குப் பிறகு வீடு என்று மாற்றிக்கொண்டால் மூச்சு விடலாம். வீட்டில் தவறவிடக் கூடாதவை இரண்டு. இசை அறையின் கதவுக்குப் பின்னால் தொங்கும் வயலின்: யான் வான் டெர் வார்ட் தீட்டிய ஓவியம் அது, கயிறும் ஆணியும் உட்பட. நேரே பார்த்தால் ஏமாந்துதான் ஆக வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால்தான் நிழல் கூடவே நகராதது தெரியும். இன்னொன்று, ரஃபயேலே மோன்டி செதுக்கிய முக்காடிட்ட பெண்ணின் பளிங்குச் சிலை. கல்லில் மெல்லிய துணி. எப்படிச் செய்தார் என்பதைவிட எங்கே நிறுத்தினார் என்று பார்ப்பது சுவாரசியம்: மூக்கு, உதடு, தாடை என்று துணி தொடும் இடங்களில் மட்டும் கல்லை மெருகேற்றி, மற்ற இடத்தில் மடிப்புகளை விட்டிருக்கிறார்.

இந்த அறைகளில் இரண்டாம் உலகப்போரின்போது பெண்கள் விடுதி நடந்தது. வேல்ஸிலிருந்து பென்ரோஸ் கல்லூரி என்ற பள்ளியே 300 மாணவிகளோடு இங்கே குடிபெயர்ந்தது. ராணுவம் வந்து உட்கார்ந்தால் வீடு தேறாது, பள்ளிக்கூடப் பெண்கள் என்றால் பிழைக்கும் என்பது டியூக்கின் கணக்கு. அது சரியாகவே போயிற்று.

அடுத்த கணக்குதான் பிசகியது. பத்தாவது டியூக் 1946இல் சொத்தின் பெரும்பகுதியை மகன் பெயருக்கு மாற்றினார். கொடுத்தவர் ஐந்து வருடம் உயிரோடிருந்தால் மரண வரி இல்லை என்பது அன்றைய சட்டம். 1950 நவம்பரில், கெடுவுக்கு 14 வாரம் இருக்கையில், 55 வயதில் மாரடைப்பில் இறந்தார். வரி 80 சதவீதம். 70 லட்சம் பவுண்டு. நிலம் விற்றார்கள், ஓவியம் விற்றார்கள். ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றியின் பெரிய வரைபடம் லண்டனுக்குப் போனது. பணத்துக்குப் பதிலாக ஹார்ட்விக்கையே அரசுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து 1959இல் அது நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. அரசோடு பேசி முடிக்கப் பதினேழு வருடம். 1981இல் சாட்ஸ்வொர்த்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். இப்போது டியூக் குடும்பம் இங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது. பாட்டி வீட்டை விற்று மகன் வீட்டை மீட்டார்கள் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தோட்டம் 105 ஏக்கர். படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் புகழ்பெற்ற 24 படி அருவி வறண்டு கிடக்கிறது, பழுதுபார்ப்பு வேலை. படம் பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஈடுகட்டுவது நீண்ட குளத்து நீரூற்று. 1844இல் ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கோலஸ் வருகிறார் என்று தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அவசர அவசரமாகச் செய்தது. இரவில் விளக்கொளியில்கூட வேலை நடந்தது. பம்பு எதுவும் இல்லை. குன்றின் மேல் எட்டு ஏக்கர் ஏரி வெட்டி, அங்கிருந்து குழாய் இறக்கினார்கள். உயர வித்தியாசமே தண்ணீரைத் தள்ளுகிறது. முழு வேகத்தில் 90 மீட்டர்வரை எழும்பியிருக்கிறது. ஏரியில் தண்ணீர் குறைந்தாலும் காற்று வலுத்தாலும் திறப்பைக் குறைத்துவிடுவார்கள். இன்று பாதி உயரம்தான். அதுவே காற்றோடு சாய்ந்து வந்து, பெஞ்சில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு முழுக் குடும்பத்தைக் குளிப்பாட்டியது. அவர்கள் எழுந்து, அடுத்த பெஞ்சில் இருந்தவர்களிடம் ‘சாரி’ சொன்னார்கள். எதற்கென்று புரியவில்லை. சக்கரவர்த்தி வரவேயில்லை.

பாக்ஸ்டனின் பெரிய கண்ணாடி வீடு இருந்த இடத்தில் இப்போது செடிச் சுவர்களால் ஆன சுழல்வழி. அந்தக் கண்ணாடி வீடு 84 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். எட்டு உலைகள், ஏழு மைல் வெந்நீர்க் குழாய், நிலக்கரி கொண்டுவர நிலத்தடியில் தண்டவாளம். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்கவில்லை, உள்ளிருந்த வெப்பநாட்டுச் செடிகள் குளிரில் செத்தன. 1920இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் வெடிக்கு அசையவில்லையாம்.

ஆறாவது டியூக்குக்குச் செடிப் பித்து. 1835இல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவர் இன்றைய மேகாலயத்தின் காசி மலைகளில் ஏறி, ஆர்க்கிட் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து 1837இல் திரும்பினார். ஆனால் நமக்கு இங்கே நெருக்கமானது வேறொரு செடி. மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஒரு குட்டை வாழையை பாக்ஸ்டன் வாங்கி வளர்த்தார். 1835இல் பூத்தது, மறு வருடம் தோட்டக்கலைச் சங்கத்தில் பதக்கம் பெற்றது. முதலாளியின் குடும்பப் பெயரைச் செடிக்கு வைத்தார்: கேவண்டிஷ். இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழை ஏறக்குறைய எல்லாமே இந்த இனம். தேனியில் ஏக்கர் ஏக்கராக நிற்கும் ஜி-9 இந்த வகையில் ஒன்று. சென்னைத் தள்ளுவண்டியில் ‘மோரிஸ்’ என்று விற்கும் பச்சைப்பழமும் அதே கூட்டம்தான். மோரிஸ் என்பது மொரீஷியஸ். ஒரே பழத்துக்கு அவர்கள் முதலாளியின் பெயரை வைத்தார்கள், நாம் தீவின் பெயரை வைத்துக்கொண்டோம்.

ஜூன் 14, சனி – என்சர், பேக்வெல்

நல்ல வெயில். பேக்வெல்லிலிருந்து குன்று ஏறி இறங்கினால் மூன்று மைலில் ஒரு கிராமம். எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘ஈடென்சர்’, வாயில் சொல்வது ‘என்சர்’. ஏற்றத்தில் சேறு; செருப்பு உதவாது. ஆட்டு மந்தை நடுவே போகும்போது நாயைக் கயிற்றில் பிடிக்காதவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. பார்க்கும் பார்வை போதும்.

இந்த ஊர் முன்பு சாட்ஸ்வொர்த் ஜன்னலிலிருந்து தெரியும் இடத்தில் இருந்தது. பார்வைக்கு இடைஞ்சல் என்று நாலாவது டியூக் கொஞ்சம் அகற்றினார், மிச்சத்தை ஆறாவது டியூக் 1838 தொடங்கி மேட்டுக்குப் பின்னால் நகர்த்தினார். புதிய வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாணி: ஒன்று இத்தாலிய மாடி, ஒன்று சுவிஸ் மரவீடு, ஒன்று கோட்டைக் கொத்தளம். அச்சுப் புத்தகத்திலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகக் கிழித்து ஒட்டிய மாதிரி. அழகுதான். ஆனால் குடியிருந்தவர்களிடம் யாரும் பாணி கேட்டிருக்க மாட்டார்கள். பழைய ஊரின் ஒரே ஒரு வீடு மட்டும் பூங்கா நடுவே தன் மதிலுக்குள் இன்னும் நிற்கிறது.

தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் டியூக்குகளின் கல்லறைகள். எல்லாம் எளிய கற்கள். அங்கே பலரும் தேடி வருவது கேத்லீன் கென்னடியின் கல்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை. பத்தாவது டியூக்கின் மூத்த மகனை 1944 மே மாதம் மணந்தார். செப்டம்பரில் கணவர் பெல்ஜியப் போர்முனையில் செத்தார். 1948இல் இவர் விமான விபத்தில். 1963 ஜூனில் அண்ணன் இங்கே வந்து நின்றதைத் தரையில் ஒரு பலகை சொல்கிறது. அவருக்கு அப்போது மிச்சமிருந்தது ஐந்து மாதம். பாக்ஸ்டனும் இதே வளாகத்தில்தான்; அவர் கல் டியூக்குகளின் கல்லைவிடப் பெரிது.

மதியம் பேக்வெல்லில் புட்டிங். டார்ட் வேறு, புட்டிங் வேறு. கடையில் மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள். புட்டிங் என்பது அடுக்கடுக்கான மாவுக் கிண்ணம், அடியில் ஜாம், மேலே முட்டை, வெண்ணெய், சர்க்கரை, பாதாம் சேர்ந்து வெந்த கொழகொழப்பு. பார்க்க லட்சணமாக இருக்காது. சூடாக, கஸ்டர்ட் ஊற்றித் தின்ன வேண்டும். ஆறினால் மாவு நமத்துப்போகும். சிறியது நாலைந்து பவுண்டு. ‘அசல்’ செய்முறை தங்களிடம்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் சொல்கின்றன. திருநெல்வேலியில் அல்வாக் கடை தேடியவர்களுக்குப் பழகிய நிலைமை.

ஜூன் 15, ஞாயிறு – கெடில்ஸ்டன்

டார்பி நகரிலிருந்து ஐந்து மைல். இதற்கும் டாக்ஸிதான், 18 பவுண்டு. வானம் மூடியே இருந்தது, மழை இல்லை.

முன் இரண்டு வீடுகளும் ஒரு குடும்பம்; இது வேறு. கர்சன்கள் 700 வருடத்துக்கு மேலாக இதே மண்ணில் இருக்கிறார்கள். ‘கர்சன் பிடித்ததைக் கர்சனே வைத்திருக்கட்டும்’ என்பது குலவாக்கு. இந்த வீட்டைக் கட்டியவர் நத்தானியல் கர்சன், 1759இல் தொடங்கினார். மூன்று கட்டடக் கலைஞர்கள் அடுத்தடுத்து. கடைசியாக வந்த ராபர்ட் ஆடமின் கைதான் எங்கும் தெரிகிறது. நடுவில் பெரிய கட்டடம், வளைந்த தாழ்வாரங்களால் இணைந்த நாலு சிறகுகள் என்பது திட்டம், இரண்டோடு நின்றுபோனது.

இதைக் குடியிருக்கக் கட்டிய வீடு என்று நினைத்துச் சுற்றினால் குழப்பம்தான் வரும். படுக்க, சாப்பிட, பிள்ளை வளர்க்கக் குடும்பம் ஒரு சிறகில் இருந்தது. சமையல் எதிர்ச் சிறகில். நடுக்கட்டடம் காட்டுவதற்கு. முதலிலிருந்தே பார்வையாளர்களை அனுமதித்தார்கள். வீட்டு மேலாளர் திருமதி கார்னெட் அச்சிட்ட கையேட்டோடு சுற்றிக் காட்டினார், அவருடைய ஓவியமே இங்கே இருக்கிறது. விருந்துச் சாப்பாடு எதிர்ச் சிறகிலிருந்து அந்தத் தாழ்வாரம் முழுக்க நடந்து வர வேண்டும். சூப் என்ன சூட்டில் மேசைக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பளிங்குக் கூடத்தில் 20 தூண்கள், ஒவ்வொன்றும் 25 அடி, இளஞ்சிவப்பு நரம்போடிய அலபாஸ்டர் கல். இத்தாலியிலிருந்து வந்ததல்ல, பக்கத்துச் சுரங்கம்தான். கல் மெத்தானது, நகத்தாலேயே கீறலாம். அதனால்தான் தொடாதீர்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது. பக்கச் சுவர்களில் ஜன்னல் இல்லை, வெளிச்சம் மேலிருந்து விழுகிறது. அடுத்தது வட்ட மண்டபம், 62 அடி உயரம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலைப் பார்த்துச் செய்தது. தோட்டத்து முகப்பு கான்ஸ்டன்டைன் வளைவின் சாயல்.

1799இல் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் கவர்னர் மாளிகை கட்டத் தொடங்கியபோது சார்லஸ் வயட் என்ற ராணுவப் பொறியாளர் முன்மாதிரியாக எடுத்தது இந்த வீட்டைத்தான். செங்கல்லில், நாலு சிறகுகளோடு, 1803இல் முடிந்தது. கெடில்ஸ்டனுக்கு வாய்க்காத இரண்டு சிறகுகளும் அங்கே வாய்த்தன. யார் பணத்தில் என்பது தெரிந்ததே. இன்று அது மேற்கு வங்க ஆளுநர் மாளிகை. 1859இல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் நத்தானியல் கர்சன் 1899இல் வைஸ்ராயாகப் போய் இறங்கியது தன் பிறந்த வீட்டின் பிரதிக்குள். 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான், 1905இல் வங்காளத்தைப் பிளந்ததும் அவர்தான்.

கீழ்த்தளத்தில் அவர் சேர்த்த பொருட்களின் காட்சிக்கூடம்: யானைத் தந்தம், வெள்ளி, ஆயுதம், கம்பளம். வாங்கியவை பாதி, அன்பளிப்பாக வந்தவை பாதி. ஒரு வைஸ்ராய்க்கு ஒரு சிற்றரசர் கொடுக்கும் ‘அன்பளிப்பு’ என்ற சொல்லை நின்று படிக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் கேட்டு வருவது மயிலிறகு உடை. கர்சனின் மனைவி மேரி லெய்ட்டர், சிகாகோ வணிகரின் மகள், 1903 டில்லி தர்பாரில் செங்கோட்டை நடனத்துக்கு அணிந்தது. தங்கச் சரிகைத் துணியில் மயிலிறகுகள் டில்லிக் கைவினைஞர்களின் ஊசியில் உருவாயின. பிறகு பாரிஸுக்கு அனுப்பி வொர்த் நிறுவனத்தில் உடையாகத் தைத்தார்கள். ஒவ்வொரு இறகின் கண்ணிலும் மின்னும் நீலப்பச்சை, கல் அல்ல, பொன்வண்டின் இறக்கை. சிறு வயதில் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு அந்த நிறம் உடனே தெரியும். எடை நாலரைக் கிலோவுக்குமேல். சரிகையின் பாரம் அடித்துணியை இழுத்துக் கிழிக்கும், உலோக இழை காற்றில் கறுக்கும். அதனால் மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிக்குள். பாரிஸ் தையல்காரரின் பெயர் இடுப்புப் பட்டியிலேயே இருக்கும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஊசி பிடித்த விரல்களுக்கு அப்படி ஒரு பட்டி இல்லை.

தேவாலயத்தை வீட்டுக்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது. அது வேறோர் அமைப்பின் பொறுப்பு, நேரமும் வேறு. இன்று ஒரு குடும்பம் நாலரைக்கு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே நூற்றாண்டு நூற்றாண்டாகக் கர்சன்கள் கல்லில் படுத்திருக்கிறார்கள். வடபுறம் மேரிக்காகக் கட்டிய சிறு மண்டபம். அவர் 1906இல், 36 வயதில் இறந்தார். பளிங்கில் அவர் படுத்திருக்க, பக்கத்தில் தன் உருவத்தையும் கர்சன் உயிரோடிருக்கும்போதே வைத்துக்கொண்டார். 1925இல் வந்து சேர்ந்தார். தரை பச்சைப் படிகக்கல். மேகம் விலகி வெயில் விழுந்தபோது தண்ணீர் தேங்கிய மாதிரி இருந்தது.

இந்தத் தேவாலயத்தைச் சுற்றி ஒரு கிராமம் இருந்தது. வீடு கட்டும்போது, காட்சிக்காக, ஊரையும் சாலையையும் தள்ளி வைத்தார்கள். கோயிலை மட்டும் விட்டார்கள். வெளியே வந்தால் வாசலுக்கு எதிரே மாளிகைச் சுவர், மறுபக்கம் புல்லும் ஆடும். டாக்ஸி இந்த முறை சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.